மரக்குச்சி வைத்தியமும் லட்ச ரூபாய் கேபிளும்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ எடுத்துட்டு வந்து நிதானமா படிங்க.

"டாக்டர், வீட்ல ஓரளவு நல்ல ஸ்பீக்கர் செட் இருக்கு. ஆம்ப்ளிஃபையரையும் கேபிளையும் மாத்துனா சத்தம் வேற லெவல்ல இருக்கும்னு கடையில சொல்றாங்க. ஒன்றரை லட்சம் ஆகும். மாத்தலாமா?"

இன்பாக்ஸ்ல வந்த கேள்வி. சுகர், பிரஷர் பத்தி எழுதுற அரசு மருத்துவமனை டாக்டர்கிட்ட இதை ஏன் கேட்கணும்னு உங்களுக்குத் தோணலாம். நான் எம்பிபிஎஸ் தான், ஆடியோ இன்ஜினியர் கிடையாது. ஆனா இந்தக் கேள்விக்கான பதில் ஆடியோ கடையில ஆரம்பிக்கல. 18ஆம் நூற்றாண்டு மருத்துவத்துல ஆரம்பிக்குது. அங்கிருந்தே போவோம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் எலிஷா பெர்கின்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1796ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கருவின்னா பெருசா ஒண்ணும் இல்ல. சுமார் 3 அங்குல நீளத்தில் கூர்மையான இரண்டு உலோகக் குச்சிகள். விசேஷ உலோகக் கலவைன்னு சொன்னார். வலிக்கிற இடத்துல அதை வச்சு இழுத்து இழுத்துத் தடவினா வலி போயிடும். பேரு "டிராக்டர்". நம்ம உழவு டிராக்டர் இல்லீங்க, வலியை இழுத்து வெளியேத்துதாம், அதனால அந்தப் பேரு.

கனெக்டிகட் மருத்துவச் சங்கம் அடுத்த வருஷமே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கிடுச்சு. ஆனா வியாபாரம் நிக்கல. மகன் பெஞ்சமின் அதை லண்டனுக்குக் கொண்டு போனார். ஒரு ஜோடி 5 கினி. அந்தக் காலத்துல சாதாரண ஆளால நினைச்சுப் பார்க்க முடியாத விலை. படிச்சவங்க, பணக்காரங்க, பாதிரியார்கள் எல்லாம் வாங்கினாங்க. வலி குறைஞ்சதுன்னு சாட்சியும் சொன்னாங்க.

அவங்க யாரும் பொய் சொல்லல. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் 1799 ஜனவரியில் ஒரு வேலை செய்தார். மரத்துல அதே அளவுக்குக் குச்சி செஞ்சு, உலோகம் மாதிரி பெயின்ட் அடிச்சார். நாள்பட்ட மூட்டுவலி நோயாளிகள் 5 பேருக்கு அதை வச்சுத் தடவினாங்க. 4 பேருக்கு வலி குறைஞ்சுது. மறுநாள் அதே ஆட்களுக்கு அசல் உலோகக் குச்சி. கிட்டத்தட்ட அதே பலன்.

ஆக வலியைக் குறைச்சது உலோகம் இல்ல. "இது விசேஷமான கருவி" என்ற நம்பிக்கை. 1800ல் இதை ஒரு புத்தகமாகவே ஹேகார்த் வெளியிட்டார்.

இதுக்கு 15 வருஷம் முன்னாடியே பாரிஸ்ல இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. மெஸ்மர் என்பவரின் "காந்த சக்தி" வைத்தியத்தை விசாரிக்க 1784ல் மன்னர் 16ஆம் லூயி ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியர் எல்லாம் அதுல இருந்தாங்க. காந்த சக்தி ஏற்றிய மரத்தைத் தொட்டா மயக்கம் வரும்னு சொல்லப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி தோட்டத்துல விட்டாங்க. சக்தி ஏற்றிய மரம் ஒரு பக்கம் இருக்க, பையன் வேற ஏதோ ஒரு மரத்துகிட்ட மயங்கி விழுந்தான்.

கண்ணைக் கட்டுறது. போலியை அசல் மாதிரி கொடுக்கிறது. இன்னைக்கு நீங்க போடுற எந்தப் புது மாத்திரையும் இந்த ரெண்டு வித்தையைத் தாண்டித்தான் பெரும்பாலும் வருது. கொடுக்கிறவருக்கும் எது அசல்னு தெரியக்கூடாது, வாங்குறவருக்கும் தெரியக்கூடாது. காரணம், நோயாளி ஏமாளிங்கறதில்ல. மூளையோட வேலையே அப்படி. எங்க ஓபியில "மாத்திரை வேணாம் டாக்டர், ஊசி போடுங்க, அப்பதான் கேட்கும்"னு சொல்றவங்க தினமும் வர்றாங்க. ஊசி போட்டுட்டு எழுந்திரிக்கும்போதே "இப்ப பரவால்ல"ம்பாங்க. மருந்து ரத்தத்துல கலந்து வேலை செய்யவே நேரம் ஆகும், அதுக்குள்ள!

இப்ப ஆடியோவுக்கு வருவோம்.

1877ல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடிச்ச எடிசனுக்குக் காது சரியா கேட்காது. சின்ன வயசுலேயே கேட்கும் திறனை இழக்க ஆரம்பிச்சவர். இசைத்தட்டு எப்படி இருக்குன்னு பார்க்க, கருவியின் மரத்தைப் பல்லால் கடிச்சுப் பிடிச்சுக் கேட்பார். நாங்க டியூனிங் ஃபோர்க்கை மண்டை எலும்புல வச்சு சோதிக்கிறோமே, அதே எலும்பு வழி கேட்டல்தான். இந்த மனுஷன்தான் தன் கம்பெனி இசைத்தட்டுல யார் பாடணும்னு தானே முடிவும் பண்ணார்!

1915லிருந்து சுமார் 10 வருஷம் எடிசன் கம்பெனி அமெரிக்கா முழுக்க ஊர் ஊரா ஒரு நிகழ்ச்சி நடத்துச்சு. "டோன் டெஸ்ட்"னு பேரு. மேடையில பாடகி நிப்பாங்க, பக்கத்துல இசைத்தட்டுக் கருவி. கருவியோட சேர்ந்து பாடுவாங்க, நடுவுல வாயை மூடிடுவாங்க, கருவி மட்டும் பாடும். சில நேரம் விளக்கை அணைச்சுடுவாங்க. திரும்ப விளக்கு போட்டா பாடகி மேடையிலேயே இல்ல! வித்தியாசமே தெரியலன்னு ஜனங்க கை தட்டினாங்க. பத்திரிகைகளும் எழுதுச்சு.

அந்த இசைத்தட்டுகளை இன்னைக்குக் கேட்டா கரகரப்பும் குறுகலான சத்தமும்தான். மைக்கே இல்லாம, கூம்பு வழியா பதிவு பண்ண காலம் அது. அப்புறம் எப்படி ஏமாந்தாங்க? ஒரு ரகசியத்தை அந்த நிகழ்ச்சிகள்ல பாடின ஆனா கேஸ் பல வருஷம் கழிச்சுச் சொன்னாங்க. கருவியோட சத்தத்துக்கு ஏத்த மாதிரி தன் குரலை மாத்திப் பாடுவாங்களாம்! மீதியை எதிர்பார்ப்பு பார்த்துக்கிச்சு.

கவனிச்சீங்களா, இங்கேயும் இருட்டு இருக்கு, ஒப்பீடு இருக்கு. பார்த்தா கண்ணைக் கட்டிச் செய்யும் சோதனை மாதிரியே இருக்கும். ஆனா சோதனையை நடத்தினது விற்கிறவர். எப்ப மாத்தணும், எவ்வளவு சத்தம், என்ன பாட்டு எல்லாம் அவர் கையில. இன்னைக்குக் கடை டெமோ ரூம்ல நடக்கிறதும் இதுதான்.

அதுக்காக மேம்பாடு எல்லாமே பித்தலாட்டம்னு நான் சொல்லல. அடுத்த 40 வருஷ வரலாறு நேர் எதிரானது.

1925ல் மைக் வச்சு மின்சார முறையில் ஒலிப்பதிவு வந்தது. 1927 ஆகஸ்டில் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகுல கடந்து வேலைக்குப் போகும்போது, கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே ஒரு சர்க்யூட் யோசனையை வரைஞ்சார். ஆம்ப்ளிஃபையரோட வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளேயே திருப்பி அனுப்பினா, ஆம்ப்ளிஃபையர் சேர்க்கிற பிசிறை அதுவே அடிச்சுச் சரி பண்ணிக்கும். இதை வச்சு 1947ல் வில்லியம்சன் என்பவர் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபையரின் பிசிறு வெறும் 0.1 சதவீத அளவு. வீட்டுலேயே சால்டரிங் பண்ணிச் செஞ்சுக்கலாம். 1948ல் எல்பி வந்தது. பக்கத்துக்கு நாலு நிமிஷம் ஓடின தட்டு இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுச்சு, கரகரப்பும் குறைஞ்சுது. 1958 வாக்கில் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தன.

இந்தக் காலத்துல சம்பளத்தைச் சேர்த்து வச்சுப் புது செட் வாங்கினவருக்கு வித்தியாசம் சுளையா கிடைச்சுது. கண்ணைக் கட்டி விட்டாலும், அடுத்த ரூம்ல நின்னாலும் சொல்லிடுவார். "பணம் போட்டா சத்தம் நல்லாகும்" என்ற பழக்கம் பிறந்தது இங்கதான், அது உண்மையாகவும் இருந்தது. சிக்கல் என்னன்னா, ஆம்ப்ளிஃபையர் பிரச்சனை தீர்ந்த பிறகும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்துச்சு.

1970கள் முடியறதுக்குள்ள நல்ல ஆம்ப்ளிஃபையர்களோட பிசிறு மனுஷக் காதுக்கு எட்டாத அளவுக்குப் போயிடுச்சு. ஆனா அதே நேரத்துலதான் பத்திரிகைகள்ல "வால்வு சத்தம் இதமா இருக்கு, டிரான்சிஸ்டர் வறட்டுன்னு இருக்கு" என்ற சண்டை உச்சத்துக்குப் போச்சு. குவாட் கம்பெனியை நடத்திய பீட்டர் வாக்கருக்கு இதுல நம்பிக்கை இல்ல. இத்தனைக்கும் அவரே ஆம்ப்ளிஃபையர் விக்கிறவர். 1978ல் தன் கம்பெனியின் மூணு தலைமுறை ஆம்ப்ளிஃபையர்களை அனுபவசாலிகள் முன்னாடி வச்சு, எது ஓடுதுன்னு சொல்லாம கேட்க வச்சாங்க. ஒண்ணு 1953ல் வந்த வால்வு மாடல். இன்னொண்ணு 1975ல் வந்த டிரான்சிஸ்டர் மாடல். முடிவு, பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான்.

அதே 70களின் கடைசியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் சில ஆடியோ ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு பெட்டி செஞ்சாங்க. ஏ, பி, எக்ஸ்னு மூணு பட்டன். ஏ ஒரு ஆம்ப்ளிஃபையர், பி இன்னொண்ணு. எக்ஸ் இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணு, எதுன்னு பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி மாத்திக் கேட்டுட்டு, எக்ஸ் எதுன்னு சொல்லணும். ஹேகார்த்தோட மரக்குச்சி 180 வருஷம் கழிச்சு ஸ்விட்ச் பெட்டியா வந்துடுச்சு.

சோதனைக்கு முன்னாடி இன்னொண்ணும் செய்யணும். ரெண்டு கருவியோட சத்த அளவையும் மீட்டர் வச்சு ஒண்ணாக்கணும். ஒரு டெசிபல் கூட இல்லாத வித்தியாசத்தைக் காது "சத்தம் அதிகம்"னு எடுத்துக்காது, "தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு"ன்னு எடுத்துக்கும். டெமோ ரூம்ல விலை கூடின செட்டை இம்மியளவு கூட்டி வச்சாலே போதும், வேலை முடிஞ்சுது.

1987ல் ஸ்டீரியோ ரிவியூ பத்திரிகை, 220 டாலர் அளவிலான ரிசீவர்லருந்து 12,000 டாலர் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் இப்படிச் சோதிச்சுது. "வித்தியாசம் நிச்சயம் இருக்கு"ன்னு நம்பினவங்களும் கேட்டாங்க, நம்பாதவங்களும் கேட்டாங்க. ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான் சரியா சொன்னாங்க.

கேபிள் கதை இன்னும் சுவாரசியம். 70களின் கடைசி வரைக்கும் ஸ்பீக்கருக்கு சாதாரண விளக்கு ஒயர்தான். அப்புறம்தான் தடிமனான, பளபளப்பான, பேர் வச்ச கேபிள்கள் வந்தன. 1983லேயே அதே பத்திரிகை சோதிச்சுப் பார்த்துடுச்சு. நூல் மாதிரி மெல்லிசான 24 கேஜ் கம்பியைச் சில சோதனைகள்ல கண்டுபிடிச்சாங்க. ஆனா சாதாரண 16 கேஜ் ஒயருக்கும் பேர் பெற்ற கேபிளுக்கும் இசை கேட்கும்போது வித்தியாசம் சொல்ல முடியல.

ஏன்னு கணக்கு போட்டா உங்களுக்கே புரியும். வீட்டு வயரிங்ல எலக்ட்ரீஷியன் "ஒன்றரை ஸ்கொயர்"னு சொல்ற காப்பர் ஒயர் இருக்கே, அதுல 3 மீட்டர் போயி 3 மீட்டர் திரும்பி வந்தா மொத்தத் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. இதுக்கு மேல தங்க முலாம் பூசி என்ன ஆகப்போகுது?

"அப்ப எல்லாமே ஒண்ணுதானா"ன்னு கேட்டா, இல்ல. ஸ்பீக்கர் அப்படி இல்ல.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கர்களை வச்சு வருஷக்கணக்கா சோதிச்சார். கண்ணால பார்க்காம கேட்கும்போது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் தெளிவா தெரிஞ்சுது. எது நல்ல ஸ்பீக்கர்ங்கறதுல பெரும்பாலும் எல்லாரும் ஒத்துப் போனாங்க. ஒத்துப் போகாம, இன்னைக்கு ஒண்ணும் நாளைக்கு ஒண்ணுமா மார்க் போட்டது யாருன்னு பார்த்தா, கேட்கும் திறன் குறைஞ்சவங்க!

பின்னாடி அவரும் ஷான் ஆலிவும் 1994ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 40 பேர், நாலு ஸ்பீக்கர். பார்த்துக்கிட்டே கேட்டு ஒரு மார்க், பார்க்காம கேட்டு ஒரு மார்க். பார்த்தப்போ பெருசா, விலை உயர்ந்ததா இருந்ததுக்கு மார்க் அள்ளி விழுந்துச்சு. சின்னதா, விலை குறைவா இருந்தது அடி வாங்குச்சு. மறைச்சதும் அந்த இடைவெளி சுருங்கிடுச்சு. இதுல முக்கியமா, கேட்டவங்க எல்லாம் ஆடியோ கம்பெனி ஊழியர்கள். விவரம் தெரிஞ்சவங்களையே கண் இழுத்துடுது. 2017ல் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்த ஜெரோன் பிரீபார்ட்டும் ஒலித்தரத்துக்கும் விலைக்கும் தொடர்பே கிடைக்கலன்னு எழுதினார். அதாவது ஸ்பீக்கர்லயும் ஹெட்போன்லயும் தர வித்தியாசம் நிஜம். விலைச்சீட்டு மட்டும் அதைக் காட்டிக் கொடுக்காது.

ஹை ரெசல்யூஷன் ஆடியோ பத்தியும் கேட்பீங்க. 2007ல் மேயர், மோரன் ரெண்டு பேரும் அந்த உயர்தர ஒலியை சிடி தரத்துக்குக் குறைச்சு, வித்தியாசம் தெரியுதான்னு கேட்டாங்க. 554 தடவையில் 276 தடவை சரி. 49.8 சதவீதம். கண்ணை மூடிக்கிட்டு சொன்னாலே அவ்வளவு வரும். ஆனா நியாயமா இதையும் சொல்லணும். 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ 52.3 சதவீதம் வந்தது. தற்செயல்னு தள்ள முடியாது. பயிற்சி எடுத்தவங்க இன்னும் நல்லாவே செஞ்சாங்க. சின்ன சோதனைகள்ல இந்த மாதிரி சின்ன வித்தியாசம் தப்பிச்சுப் போகும், அதுவும் உண்மை.

எங்க துறையில இதுக்கு ஒரு பாகுபாடு உண்டு. புள்ளிவிவரப்படி வித்தியாசம் இருக்கறது வேற, நோயாளிக்கு அதனால பலன் இருக்கறது வேற. பிரஷரை அரைப் புள்ளி குறைக்கிற மாத்திரையை ஆயிரம் ரூபாய்க்கு நான் எழுதித் தர மாட்டேன்.

"டாக்டர், போலின்னாலும் எனக்கு சந்தோஷம் நிஜம்தானே?"

நல்ல கேள்வி. நிஜம்தான். 2008ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. 82 பேருக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, மருந்தே இல்லாத மாத்திரையை வலி மாத்திரைன்னு கொடுத்தாங்க. பாதிப் பேருக்கு விலை இரண்டரை டாலர்னு சொன்னாங்க. மீதிப் பேருக்கு 10 சென்ட்னு. விலை கூடினதுன்னு நம்பினவங்கள்ல 85 சதவீதத்துக்கு வலி குறைஞ்சுது. மலிவுன்னு நம்பினவங்கள்ல 61 சதவீதத்துக்கு. ரெண்டுமே ஒரே மாத்திரை!

அதனால ஒன்றரை லட்சம் கொடுத்துட்டு "பாட்டு உருகி ஓடுது"ன்னு சொல்றவரை நான் கேலி பண்ண மாட்டேன். அவருக்கு நிஜமாவே அப்படித்தான் கேட்குது. வசதி இருக்கு, கடன் இல்ல, ஆசைன்னா வாங்கிக்கட்டும். கார், வாட்ச் எல்லாம் அப்படித்தானே வாங்குறோம். ஆனா இஎம்ஐ போட்டு, பிள்ளைங்க ஃபீஸைத் தள்ளி வச்சு வாங்கப் போறீங்கன்னா, நீங்க காசு கொடுக்கிறது எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு கொடுங்க.

தெரிஞ்சுக்க வழி இருக்கு. கடைக்காரர்கிட்ட ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பார்க்கக் கேளுங்க. ரெண்டு செட்டோட சத்த அளவையும் ஒண்ணாக்கிட்டு, நீங்க திரும்பி உக்காருங்க. வீட்டுல யாராவது நாணயம் சுண்டிப் பார்த்து, அதுக்கேத்தபடி மாத்தட்டும், வாயே திறக்கக்கூடாது. 10 தடவை. 5 சரின்னா ஒண்ணும் இல்ல. 9க்கு மேல சரின்னா, அது குருட்டாம்போக்குல வர வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான், தாராளமா வாங்குங்க. கடைக்காரர் ஒத்துக்கலையா? அதுவும் ஒரு பதில்தான்.

"வாட்ஸ் அதிகம் சார்"னு சொல்வாங்க. 50 வாட்ஸை 100 ஆக்கினா கூடுறது 3 டெசிபல். சத்தம் ரெண்டு மடங்கா தோணணும்னா சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேணும். இருக்கிற ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் போடுது, சத்தம் கூட்டினா பிசிறடிக்குது, இல்ல ரொம்பப் பெரிய ஹால்ன்னா மாத்தறதுல நியாயம் இருக்கு. இல்லன்னா தேவையில்ல.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில், கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் வேணாம். ஸ்பீக்கர் திருப்தியா இல்லன்னா பணத்தை அங்க போடுங்க. அதுக்கும் முன்னாடி ரூமைப் பாருங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம்ல, 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கமும் 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கமும் பாஸ் சுவருக்குச் சுவர் முட்டி எதிரொலிச்சு வீங்கும். ஒரு இடத்துல திம் திம்னு அடிக்கும், ரெண்டடி தள்ளி உக்காந்தா காணாமப் போகும். எந்த கேபிளாலயும் இதைச் சரி பண்ண முடியாது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒன்றரை அடி வெளிய இழுங்க, சோபாவைச் சுவரை ஒட்டிப் போடாதீங்க. டைல்ஸ் தரைக்கு ஒரு கம்பளம், ஜன்னலுக்குத் தடிமனான திரை. இந்த வித்தியாசத்தை உங்க வீட்டுப் பாட்டி கூட கண்ணை மூடிக்கிட்டு சொல்வாங்க.

அப்புறம் காது. 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும்ங்கறது சின்னப் பிள்ளைகள் கணக்கு. வயசு ஏற ஏற உச்சஸ்தாயி மேலிருந்து தேய்ஞ்சுக்கிட்டே வரும், 40, 50 வயசுல 15,000க்கு மேல பலருக்கும் கேட்காது. சத்தமான தொழிற்சாலை வேலை, பல வருஷ இயர்போன் பழக்கம் இருந்தா இன்னும் சீக்கிரம். 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். உள் காதுல செத்த முடிச்செல்கள் திரும்ப முளைக்காது.

சிலருக்கு வெறும் காதழுக்கு அடைச்சிருக்கும். பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, அது உள்ளதான் தள்ளும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை ஓபியில காட்டுங்க. சந்தேகம் இருந்தா ஆடியோகிராம் எடுத்துப் பார்ப்பாங்க. ஒன்றரை லட்சம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு காலைப் பொழுது, ஒரு ஓபி சீட்டு. பழைய பிரிஸ்கிரிப்ஷன் இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க, காதைப் பாதிக்கிற மாத்திரைகளும் சில உண்டு.